பெயரும் பழியும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் குறளையும் சிலம்பையும் கம்பனையும் பற்றிப் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். “இவ்வாண்டு தாங்கள் பேசும் பொருள் யாது?” என்று செயலாளர் என்னைக் கேட்டார். “இலத்தீன் மொழியில் சூனியக்காரியைக் குறிக்கும் சொற்கள்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “குழந்தைகளும் வருவார்கள், டாக்டர்!” என்றார். குழந்தைகள் அஞ்சத்தக்கது இவ்வுரையில் ஒன்றும் இல்லை என்று அவருக்கு உறுதி கூறியே இம்மேடை ஏறினேன்.

மருத்துவம் பயின்றவனுக்கு இலத்தீன் முற்றிலும் அயன்மொழி அன்று. மருந்துச் சீட்டில் எழுதும் குறியீடுகளும், எலும்புகளின் பெயர்களும், மூலிகைகளின் பெயர்களும் அம்மொழியிலேயே வழங்குகின்றன. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், பொழுதுபோக்காக அம்மொழியின் அகராதியைப் புரட்டத் தொடங்கினேன். ஆயினும் இந்தக் குறிப்பிட்ட சொற்களை நான் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு.

1997-ஆம் ஆண்டு மழைக்காலம். இன்று சார்க்கண்டு எனப்படும் நம் மாநிலம் அந்நாளில் பீகாரின் தென்பகுதியாக இருந்தது. அருகிலிருந்த சிற்றூர் ஒன்றிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டியை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தான். தலையில் ஆழமான காயம். பச்சிலை அறிந்தவர், ஊரில் பல பிள்ளைப்பேறுகளைப் பார்த்தவர். பக்கத்து வீட்டுக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோக, ஊரிலிருந்த ஓஜா என்னும் மந்திரவாதி இவரைச் சுட்டிக்காட்டி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டான். அச்சொல் நீங்கள் அறிந்ததே: ‘டாயன்’. தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மூதாட்டி என்னிடம் கூறியது இது: “அந்தக் குழந்தையை உங்களிடம் கொண்டுபோகும்படி இரண்டு நாள் முன்னரே சொன்னேன், டாக்டர் ஐயா. ‘சாகப் போவது உனக்கு எப்படி முன்பே தெரிந்தது?’ என்று கேட்டு அடித்தார்கள்.”

‘உனக்கு எப்படித் தெரிந்தது?’ என்ற அக்கேள்வி பல ஆண்டுகள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பின்னர் இலத்தீன் அகராதியைப் புரட்டியபோது, அதே கேள்வி அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சொல்லாக உறைந்து கிடப்பதைக் கண்டேன். அச்சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிந்தவள்

உரோமானியர் சூனியக்காரிக்கு இட்டு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘ஸாகா’ என்பது. அதன் வேர் ‘கூர்ந்து உணர்தல்’ என்னும் பொருளுடையது. கி. மு. 44-ஆம் ஆண்டளவில் குறி பார்த்தலைப் பற்றி ஒரு நூல் இயற்றிய சிசெரோ இச்சொல்லுக்கு விளக்கம் தருகின்றார். பலவற்றையும் அறிய விரும்புவதால் கிழவியர்க்கு ‘ஸாகா’ என்று பெயர் வந்தது என்றும், மோப்பக்கூர்மை உடைய நாயைக் குறிக்கும் அடைமொழியும் அதே வேரினின்று பிறந்தது என்றும் அவர் கூறுகின்றார். கூர்மதி உடையோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லொன்றும் இவ்வேரினதே. நாயிடத்தும் ஆணிடத்தும் புகழ்ச்சியாக நின்ற ஒரு தன்மை, முதிய பெண்ணிடத்தில் ஐயத்திற்குரியதாயிற்று.

முதற் நூற்றாண்டில் பெத்ரோனியுஸ் எழுதிய கதைநூலில் விருந்தளிக்கும் ஒருவன் பேய்க்கதை சொல்கிறான். இரவில் உலவும் பெண்டிரைக் குறிக்க அவன் ஆளும் சொல் ‘புலுஸ்கியை’ என்பது. அதன் நேர்ப்பொருள் ‘மிகுதியாக அறிந்த பெண்கள்’ என்பதே. அளவுக்கு மேல் அறிந்திருத்தலே அங்குக் குற்றம்!

தொடக்கத்தில் இப்பெண்கள் வீட்டுக்கு வந்து போகும் எளியவர்களாகவே இருந்தனர். பிளாட்டஸ் என்பவர் கி. மு. மூன்றாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி எழுதிய நகைச்சுவை நாடகம் ஒன்றில், திருமணத்தை வெறுக்கும் முதியவர் ஒருவர் மனைவியரால் நேரும் செலவுகளை அடுக்குகின்றார். மினர்வா தேவியின் திருநாள் வந்தால், மந்திரம் ஓதுபவளுக்குக் காசு, கனவுக்குப் பலன் சொல்பவளுக்குக் காசு, குறி சொல்பவளுக்குக் காசு, நிமித்தம் பார்ப்பவளுக்குக் காசு என்று மனைவி கேட்பாளாம். நான்கு பெண்களுக்கு நான்கு தனிப்பெயர்கள். அவர்களைக் கண்டு அவர் அஞ்சவில்லை; கைக்காசு போகிறதே என்றுதான் அலுத்துக்கொள்கிறார்.

மருந்தும் நஞ்சும்

அடுத்த பெயர் ‘வெனெஃபிகா’. ‘வெனேனும்’ செய்பவள் என்பது இதன் பொருள். வெனேனும் என்றால் என்ன? பிற்காலத்தில் அது நஞ்சைக் குறித்தது. ஆனால் அதன் வேர் காதல் தெய்வமாகிய வீனஸின் பெயரோடு தொடர்புடையது என்பர் மொழிநூலார். எனவே, முதலில் அது வசிய மருந்தையே குறித்திருத்தல் வேண்டும். நம் மொழியிலும் ‘மருந்து வைத்துவிட்டாள்’ என்னும்போது, நோய் தீர்க்கும் மருந்தையா நாம் சொல்கிறோம்? மருந்து என்ற சொல் ஒன்றே. வைத்தவள் மீதுள்ள ஐயம் அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

உரோமச் சட்ட அறிஞர்கள் இவ்விடரை உணர்ந்திருந்தனர். இரண்டாம் நூற்றாண்டினராகிய காயுஸ், வெனேனும் என்று சொல்பவர் அது நல்லதா தீயதா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்கிறார். ஏனெனில் நோய் தீர்ப்பனவும் வெனேனுமே. எவ்வளவு நேர்மையான சொல்! ஆனால் காயுஸ் இதனைச் சொல்வதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அவ்வேறுபாட்டைக் காணாத ஒரு வழக்கு உரோம் நகரில் நடந்தேறிவிட்டது.

அது கி. மு. 331-ஆம் ஆண்டு. வரலாற்று ஆசிரியர் லிவி அதனை எழுதி வைத்துள்ளார். நகரத்தின் தலைமக்கள் ஒரே வகையான நோயால் அடுத்தடுத்து மாண்டனர். பணிப்பெண் ஒருத்தி குவிண்டுஸ் ஃபாபியுஸ் என்னும் நகர அதிகாரியிடம் சென்று, தனக்குத் தீங்கு நேராது என்று உறுதி பெற்றுக்கொண்டு, குடும்பப் பெண்கள் சிலர் நஞ்சு காய்ச்சுகிறார்கள் என்று கூறினாள். அவளைப் பின்தொடர்ந்து சென்றவர்கள் பெண்கள் மருந்து காய்ச்சுவதைக் கண்டனர். ஏறத்தாழ இருபது பெண்கள் பொது மன்றத்திற்கு அழைத்துவரப்பட்டனர். உயர்குடியில் பிறந்த கொர்நேலியா, செர்கியா என்னும் இருவர், ‘இவை உடலுக்கு நலம் தரும் மருந்துகளே’ என்று வாதாடினர். ‘அங்ஙனமாயின் அருந்திக் காட்டுங்கள்’ என்றாள் அப்பணிப்பெண். அவர்கள் தம்முள் கலந்து பேசினர்; பின்னர் அனைவர் முன்னிலையிலும் பருகினர்; இறந்தனர். அதன்பின் நூற்றெழுபது பெண்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிடப்பட்டனர்.

அது கொள்ளைநோய்க் காலம் என்பதை லிவியே குறிப்பிடுகின்றார். இக்கதை பொய்யாக இருக்கக்கூடாதா என்ற ஏக்கமும் அவர் எழுத்தில் தெரிகிறது. அப்பெண்கள் உண்மையில் நஞ்சுதான் காய்ச்சினரா? அளவறியாமல் கடுமருந்து காய்ச்சிக் கொடுத்தனரா? அடைந்துவிட்ட அந்தக் கலத்தில் இருந்தது யாதென்று இன்று எவராலும் சொல்ல இயலாது. ஒன்று மட்டும் தெளிவு: ‘மருந்து’ என்று அவர்களும் ‘நஞ்சு’ என்று மற்றவர்களும் சொன்னதற்கு ஒரே இலத்தீன் சொல் போதுமானதாக இருந்தது.

உண்மையான நஞ்சுக்காரிகள் இல்லாமல் இல்லை. நீரோ மன்னன் காலத்தில் லொகுஸ்தா என்பவள் அரண்மனைக்கே நஞ்சு ஆக்கித் தந்ததை டாசிட்டஸ் எழுதுகின்றார். கி. மு. 81-இல் சுல்லா இயற்றிய கொர்நேலியச் சட்டம் கொலைஞரையும் நஞ்சிடுவோரையும் ஒருங்கே தண்டிக்க எழுந்தது. கொலை செய்பவளைச் சட்டம் தண்டிப்பது முறையே. ஆனால் லொகுஸ்தாவுக்கும், காய்ச்சலுக்குக் கசாயம் வைத்த ஒரு கிழவிக்கும் பெயர் ஒன்றாகவே இருந்ததுதான் இடர்.

பாட்டும் பழியும்

நஞ்சுக்கு அடுத்தபடியாக உரோமானியர் அஞ்சியது பாட்டுக்கு. ‘கார்மென்’ என்ற இலத்தீன் சொல் கவிதையையும் குறிக்கும், மந்திரத்தையும் குறிக்கும். பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து, கவர்ச்சிக்கும் தாயத்துக்கும் பெயராக வழங்கும் ‘சார்ம்’ என்ற சொல் இதன் வழித்தோன்றலே. ஒருவர்மேல் பாடுதல் என்னும் வினையினின்று, ‘மந்திரம் பாடுபவள்’ என்னும் பொருளில் ‘இன்கந்தாத்ரிக்ஸ்’ என்ற பெயர் பிற்காலத்தில் எழுந்தது. தாய் குழந்தைக்குப் பாடுவதும் பாட்டே. ஆயினும் வேண்டாதவள் முணுமுணுத்தால் அது மந்திரம்.

கி. மு. 451, 450-ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், தீய மந்திரம் பாடுவோரையும், பிறர் வயலின் விளைச்சலை மந்திரத்தால் கவர்வோரையும் குற்றவாளிகளாகக் கண்டது. இவ்வகைப் பழி ஆண்களையும் விட்டுவைக்கவில்லை. மூத்த பிளினி கூறும் ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஃபூரியுஸ் கிரெசிமுஸ் என்பவருக்கு ஒரு சிறு நிலம் இருந்தது. சுற்றியிருந்த பெருநிலக்காரர்களைக் காட்டிலும் அவர் மிகுதியாக விளைவித்தார். அயலார் வயலின் பயனை மாயத்தால் தம் வயலுக்கு ஈர்க்கிறார் என்று அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு நாளில் அவர் தம் கலப்பைகளையும், கனத்த மண்வெட்டிகளையும், கொழுத்த எருதுகளையும், நன்கு உண்டு உடுத்த தம் பணியாட்களையும் மன்றத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இவையே தாம் செய்யும் மாயம் என்றார். இரவில் கண்விழித்ததையும் சிந்திய வியர்வையையும் மட்டும் இங்கே கொண்டுவந்து காட்ட இயலவில்லை என்றார். மன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது.

கிரெசிமுஸுக்குக் காட்டுவதற்குக் கலப்பை இருந்தது. மூலிகை அறிந்த கிழவிக்குக் காட்டுவதற்கு என்ன உண்டு? அவள் அறிவு அவள் தலைக்குள் இருப்பது. அதைக் காட்டினாலும் அதுவே அவளுக்கு எதிரான சான்றாகிவிடும்.

குருவும் மாயக்காரனும்

‘மாகா’ என்பது மற்றொரு பெயர். ‘மாகுஸ்’ என்பதன் பெண்பால் வடிவம் இது. மாகுஸ் என்பது பாரசீகத்திலிருந்து கிரேக்கம் வழியாக வந்த சொல். அந்நாட்டில் அது சமயச் சடங்கு நிகழ்த்தும் குருமாரைக் குறித்தது. பகைவர் நாட்டுக் குரு என்பதனாலேயே, கிரேக்கர்க்கும் உரோமானியர்க்கும் அவன் மாயக்காரன் ஆனான். இலத்தீன் விவிலியத்தில், குழந்தை இயேசுவைக் காண விண்மீன் வழிநடந்து வந்தவர்களும் ‘மாகுஸ்’களே, அப்போஸ்தலர் காலத்தில் மக்களை மயக்கிய சீமோனும் ‘மாகுஸ்’தான். தமிழில் மொழிபெயர்த்தோர் முன்னவரைச் சாஸ்திரிகள் என்றும், பின்னவனை மாயவித்தைக்காரன் என்றும் பிரித்தெழுதினர். ஒரே சொல்லைப் புகழாகவும் பழியாகவும் ஆக்குவது சொல்பவரின் மனமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரண்டாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் அபுலேயுஸ் என்ற அறிஞர் வாழ்ந்தார். புதெந்தில்லா என்னும் செல்வமிக்க கைம்பெண்ணை அவர் மணந்தார். அப்பெண்ணின் உறவினர், மந்திரத்தால் அவளை மயக்கினார் என்று 158-ஆம் ஆண்டை ஒட்டி அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். அவளே எழுதிய கடிதம் ஒன்றைச் சான்றாகக் காட்டினர். அதில், ‘அபுலேயுஸ் மாகுஸ், நான் மயக்கப்பட்டேன்’ என்று இருந்ததாம். அபுலேயுஸ் கடிதம் முழுவதையும் படிக்கச் செய்தார். தீயோர் உன் மனத்தைக் கலைத்த பின் திடீரென்று அபுலேயுஸ் மாகுஸ் ஆகிவிட்டாரோ, நான் மயக்கப்பட்டவளாகிவிட்டேனோ என்று தன் மகனைக் கண்டித்து அவள் எழுதிய கடிதம் அது! முன்னும் பின்னும் மறைத்து நடுவில் இரண்டு வரிகளை மட்டும் காட்டியிருந்தனர். அவ்வழக்கில் அவர் ஆற்றிய உரை இன்றும் கிடைக்கிறது. நாவன்மை மிக்கவராதலின் அவர் வாதாடினார். எழுத்தறியாத ஒருத்திமேல் இப்பழி விழுந்திருந்தால் அவளுக்காகக் கடிதம் முழுவதையும் படிப்பவர் யார்?

இரவுப் பறவை

இனி வருவது மிகவும் கொடிய பெயர். ‘ஸ்ட்ரிக்ஸ்’ என்பது இரவில் கிறீச்சிடும் ஒரு பறவையின் பெயர். ஆந்தையினம் என்று கொள்வர். நம் ‘ஸ்திரீ’ என்னும் சொல்லோடு இதற்கு உறவு ஒன்றும் இல்லை. ஒலி ஒற்றுமை கண்டு மயங்கவேண்டா. தொட்டிலில் கிடக்கும் பச்சிளங் குழந்தையின் குருதியை இப்பறவை உறிஞ்சும் என்று உரோமானியர் நம்பினர். பெரிய தலையும் நிலைத்த கண்ணும் இரை பறிக்கும் அலகும் உடைய இப்பறவைகளை ஓவிட் வருணிக்கின்றார். இவை பறவைகளாகவே பிறந்தனவோ, மந்திரத்தால் பறவையாக மாறிய கிழவியரோ என்ற ஐயத்தையும் எழுப்பிவிடுகின்றார். பிளினியோ, ஸ்ட்ரிக்ஸ் என்பது பழங்காலத்திலிருந்தே வசைச்சொல்லாக வழங்குகிறது, ஆனால் அது எந்தப் பறவை என்பது உறுதிப்படவில்லை என்கின்றார். எந்தப் பறவை என்றே தெரியாது; ஆனால் குழந்தையைக் கொன்றது அதுதான் என்பது மட்டும் அனைவர்க்கும் தெரியும்! குழந்தைகள் மிகுதியாக மாண்ட காலம் அது. மருத்துவம் காரணம் சொல்லாத இடத்தில் ஆந்தை காரணமாயிற்று; ஆந்தையைப் பிடிக்க இயலாத இடத்தில் கிழவி அகப்பட்டாள்.

அப்பறவையின் பெயர் ‘ஸ்ட்ரிகா’ என மாறிப் பெண்ணையே குறித்தது. இன்றும் இத்தாலிய மொழியில் சூனியக்காரிக்கு ‘ஸ்ட்ரேகா’ என்றே பெயர். அல்பானிய மொழியில் ‘ஷ்ட்ரிகா’. உருமேனிய மொழியின் ‘ஸ்ட்ரிகோய்’ என்னும் பேயும் இவ்வினத்ததே.

இவ்விடத்தில் ஒரு வியத்தகு செய்தியைச் சொல்லவேண்டும். 643-ஆம் ஆண்டு, வட இத்தாலியை ஆண்ட லொம்பார்டியரின் மன்னன் ரொதாரி ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டான். ‘ஸ்ட்ரிகா’ என்று சொல்லி எவரும் பிறருடைய பணிப்பெண்ணைக் கொல்லலாகாது. உயிரோடிருக்கும் மனிதனை ஒரு பெண் உள்ளிருந்து தின்றுவிட முடியும் என்பது நம்பத்தக்கதன்று என்று அச்சட்டம் கூறியது. பிராங்கியரின் சாலியச் சட்டமோ, மெய்ப்பிக்க இயலாமல் ஒரு பெண்ணை அப்பெயரால் அழைத்தவனுக்கு அபராதம் விதித்தது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சார்லமேன் சாக்சானியர்க்கு இயற்றிய சட்டம், ஒருத்தியை ஸ்ட்ரிகா என்று நம்பி எரித்தவனுக்கு மரண தண்டனை என்றது. பெயரைச் சுமந்தவளை விட்டு, பெயரைச் சுமத்தியவனைப் பிடித்தன அச்சட்டங்கள். ‘இருண்ட காலம்’ என்று நாம் பள்ளியில் படித்த நூற்றாண்டுகள் அவை!

தீமை செய்பவள்

அவ்வொளி நெடுநாள் நிலைக்கவில்லை. ‘மலெஃபிகா’ என்னும் பெயர் மற்றப் பெயர்களை எல்லாம் விழுங்கிவிட்டது. ‘தீமை செய்பவள்’ என்பதே அதன் பொருள். 357-ஆம் ஆண்டு மன்னன் கான்ஸ்டான்ஷியுஸ் வெளியிட்ட ஆணை, கணியர், மாயக்காரர் முதலியோரை அடுக்கி, மக்கள் ‘மலெஃபிகுஸ்’ என்று அழைப்போரையும் அவர்களோடு சேர்த்தது. தெருவில் வழங்கிய வசைச்சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது. முன்னைய பெயர்களிலோ அறிவு, மருந்து, பாட்டு என்று ஏதேனும் ஒரு செயல் ஒளிந்திருந்தது. ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்பதற்கு இடம் இருந்தது. மலெஃபிகா என்ற பெயரில் தீர்ப்பே முன்னால் வந்துவிடுகிறது. விசாரணைக்கு இடம் இல்லை.

1485-ஆம் ஆண்டு இன்ஸ்புருக் நகரில் ஹைன்ரிக் கிராமர் என்னும் துறவி பல பெண்கள்மேல் சூனிய வழக்கு நடத்தினார். வழக்கு நிற்கவில்லை; பெண்கள் விடுவிக்கப்பட்டனர்; அவ்வூர் ஆயரே அவரை வெளியேறச் சொன்னார். தோற்றுப் போனவர் ஒரு நூல் எழுதினார். 1486-87-இல் அச்சான அதன் பெயர் ‘மல்லேயுஸ் மலெஃபிகாரும்’. சூனியக்காரிகளுக்குரிய சம்மட்டி என்பது பொருள். இலத்தீனில் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தை ஆண்பாலால் சுட்டுவதே மரபு. இலத்தீன் விவிலியத்தில் யாத்திராகமக் கட்டளையும் ஆண்பாலிலேயே நின்றது. கிராமரோ தம் நூலின் தலைப்பிலேயே பெண்பால் விகுதியை அமைத்துக்கொண்டார். ஒரு விகுதி மாற்றத்தில், ஏறத்தாழ முழுப் பழியும் பெண்ணினத்தின் மேல் இறங்கியது.

அவர் செய்த சொல்லாராய்ச்சியையும் கேளுங்கள். பெண்ணைக் குறிக்கும் ‘ஃபெமினா’ என்ற சொல்லை ‘ஃபே’, ‘மினுஸ்’ என இரண்டாகப் பிளந்து, ‘நம்பிக்கை குறைந்தவள்’ என்று அவர் பொருள் கண்டார். அது முற்றிலும் பிழை. ஃபெமினா என்பதன் வேர் பாலூட்டுதல் என்னும் பொருளது என்பது மொழிநூலார் கண்ட உண்மை. பாலூட்டுபவள் என்ற பெயரையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டது ஒரு பொய்யான சொற்பிரிப்பு. சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதில் பெருவிருப்பம் உடைய நாமும் இதனை நினைவில் இருத்துதல் நன்று.

பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை, ஐரோப்பாவில் சூனியப் பழியால் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 வரை இருப்பர் என்று இன்றைய வரலாற்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். நால்வருள் மூவர் பெண்கள். 1782-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரில் அன்னா கோல்டி என்ற பணிப்பெண்ணின் தலை வெட்டப்பட்டது. குழந்தையின் பாலில் ஊசி இட்டாள் என்பது பழி. அறிவொளிக் காலத்தில் சூனியக்காரி என்று எழுதக் கூசிய நீதிமன்றம், தீர்ப்பில் அவளை ‘நஞ்சிட்டவள்’ என்று எழுதியது. ஈராயிரம் ஆண்டு சுற்றி வந்து, ‘வெனெஃபிகா’ என்ற பழைய பெயரே திரும்பியது! 2008-இல் அம்மாநில மன்றம் அவளைக் குற்றமற்றவள் என்று அறிவித்தது. 226 ஆண்டுகள் தாமதம்.

நம் கதவருகில்

அன்பர்களே! இது ஐரோப்பியர் கதை, நமக்கென்ன என்று எண்ணற்க. ‘டாயன்’ என்பது வடமொழி ‘டாகினி’யின் திரிபு; தேவியின் பரிவாரத்துப் பெண்ணுக்கு வழங்கிய பெயர் அது. அது ஏழைக் கிழவியின்மேல் ஏறிய வழியும் இலத்தீன் சொற்கள் நடந்த வழியே. பீகாரில் 1999-ஆம் ஆண்டிலும், சார்க்கண்டில் 2001-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. ஒருவரை டாயன் என்று அடையாளம் காட்டுவதே இன்று குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரொதாரி மன்னன் காட்டிய வழிக்கு நாமும் வந்து சேர்ந்திருக்கிறோம். 1995-இல் இப்பெயரால் துன்புறுத்தப்பட்டு, பின்னர் தம்மைப் போன்றோரைக் காக்கத் தம் வாழ்வையே அளித்த நம் மாநிலத்துச் சுட்னி மஹதோ அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்தும் சொல் இன்னும் சாகவில்லை என்பதை அவருடைய பணியே காட்டுகிறது.

நான் தொடங்கிய கதையை முடிக்கிறேன். அச்சிற்றூர்க் குழந்தையைக் கொன்றது மலேரியா என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்வாரம் அவ்வூரிலிருந்து வந்த வேறு மூவரின் குருதியில் அதன் கிருமியைக் கண்டோம். மலேரியா என்பது ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல். மலெஃபிகாவில் உள்ள ‘மல்’ என்னும் அதே தீமைதான் இதிலும் உள்ளது. காற்றின்மேல் போட்ட பழி பொய் என்று 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார், குற்றவாளி கொசு. நூறாண்டுகள் கழித்து, 1997-இல், அதே கொசு செய்த கொலைக்கு ஒரு மூதாட்டி தலையில் அடிபட்டு என் முன் அமர்ந்திருந்தார்.

அப்பொழுது நான் செய்தது என்ன? அவருடைய மகன் கைகூப்பி, “வழக்கு ஆனால் ஊரில் இருக்க முடியாது” என்றான். நான் பதிவேட்டில் ‘கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம்’ என்று எழுதினேன். காரணம் தெரிந்தும் பெயரை மாற்றி எழுதினேன். கடிதத்தின் நடு வரிகளை மட்டும் காட்டியவர்களுக்கும் எனக்கும் அன்று பெரிய வேற்றுமை இல்லை. இருமாதம் கழித்து அவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் தம் வாழ்நாளில் பிறக்க உதவிய குழந்தைகள் எத்தனை என்று நான் கேட்கவும் இல்லை.

ஆகவே, இவ்வாண்டு விழாவில் உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். நம் வீடுகளில் பணி செய்யும் பெண்கள் அவ்வூர்களிலிருந்தே வருகின்றனர். அவர்கள் வாயிலாக அச்சொல் உங்கள் செவிக்கு எட்டினால், ‘ஊர் வழக்கம், நமக்கென்ன’ என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் குருதிச் சோதனைக்கு அனுப்புங்கள். அடிபட்டவர் வந்தால் உடன் செல்லுங்கள். எழுதும் பொறுப்பில் உள்ளவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விளையாட்டுக்குக்கூட நம் பிள்ளைகள் ஒரு முதியவளை அப்பெயரால் அழைக்க விடாதீர்கள்.

‘உனக்கு எப்படித் தெரிந்தது?’ என்ற கேள்வியை நாம் கேட்கவே வேண்டும். அடிப்பதற்காக அன்று, அவளிடமிருந்து கற்றுக்கொள்வதற்காக.